புனைவுக் காவியமும் தீமையின் சிக்கலும்

கற்பனைக் காவியங்கள் சிறுவர்க்குரியவை. இறையியல் பயில்வோர் அவற்றில் காலத்தைச் செலவிடலாகாது என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1954-55ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்னும் நூலைக்கொண்டு இவ்வெண்ணத்தைச் சற்று ஆராய்வோம்.

டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். ‘பேயோவுல்ஃப்’ என்னும் பழங்காவியத்தில் அரக்கர்களே மையம், அவர்களை ஒதுக்கிவிட்டு அதனை வரலாற்றுச் சான்றாக மட்டும் கற்பது பிழை என்று 1936இல் அவர் வாதிட்டார். எனினும் 1956இல் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன், டோல்கீனின் நூலையே சிறுபிள்ளைத்தனமானது என்று தள்ளிவிட்டார்.

நூலின் மெய்யியல் மதிப்பு யாது? தீமை நன்மையின் குறைவே என்றனர் அகுஸ்தீனும் போயத்தியஸும். அது தனித்து இயங்கும் ஆற்றல் என்றனர் மணிக்கேயர். கதையிலுள்ள மோதிரம் அணிவோனின் உள்ளத்து ஆசையைப் பெருக்குகிறதா, அன்றிப் புறத்திலிருந்து அவனை ஈர்க்கிறதா? இவ்விரண்டுக்கும் நூல் இடந்தருகிறது என்பதை டாம் ஷிப்பி 1982இல் எடுத்துக்காட்டினார். ரோமர் ஏழாம் அதிகாரத்தையும் எபேசியர் ஆறாம் அதிகாரத்தையும் ஒருங்கே பிரசங்கிக்க வேண்டிய போதகருக்கு இச்சிக்கல் புதிதன்று.

முடிவு இன்னும் ஆழமானது. மோதிரத்தை அழிக்கச் சென்ற ஃப்ரோடோ, எரிமலையின் விளிம்பில் அதனைத் தனதென்று உரிமை கொள்கிறான். மன உறுதி தோற்கிறது. கோல்லம் அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்து நெருப்பில் வீழ, உலகம் தப்புகிறது. முன்னர் பில்போவும் ஃப்ரோடோவும் இரங்கி உயிரோடு விட்டிராவிடில் கோல்லம் அங்கு இருந்திரான். வெற்றி வீரனின் தகுதியால் வந்ததன்று. என்றோ காட்டிய இரக்கத்தின் வழியே வந்த கிருபை அது. இதனால் நூலை உருவகக் கதையாக்கிவிடலாகாது. அத்தகைய வாசிப்பை ஆசிரியரே இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் மறுத்துள்ளார்.

குறையும் உண்டு. ஓர்க் என்னும் இனம் முழுவதும் மீட்புக்கு அப்பாற்பட்டதுபோல் கதையில் கொல்லப்படுகிறது. இது ஆசிரியரையே வருத்தியதென்பது 1993இல் வெளியான அவருடைய பிற்காலக் குறிப்புகளால் புலனாகும். கோல்லத்துக்குக் கிடைத்த இரக்கம் இவர்களுக்கு ஏன் இல்லை? ஒரு மக்களினத்தையே தீயதென்று ஒதுக்கும் சோதனை திருச்சபைக்கும் உண்டாதலின், நாம் இவ்வினாவைக் கடந்து செல்ல இயலாது. இத்தகைய வினாவை எழுப்பும் நூல் வெறும் பொழுதுபோக்காகாது.