செம்மங்குடி மாமாவின் நிஷாதம்

சாரீரம் என்றால் ஜி.என்.பி.தான் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த பிருகாக்களை நானும் ஆசையாகக் கேட்பவன்தான். ஆனால் ராத்திரியில் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால், என் கை செம்மங்குடி சீனிவாச ஐயரின், அதாவது செம்மங்குடி மாமாவின், கரகரப்ரியாவுக்குத்தான் போகும். ‘பக்கல நிலபடி’க்கு முன்னால் வரும் அந்த ஆலாபனை!

பஞ்சமத்தில் நின்று, தைவதத்தைத் தொட்டு, நிஷாதத்துக்கு ஏறுவார். தொண்டை இடம் கொடுக்காது. வெறும் காற்றுதான் வரும். வேறொருவராக இருந்தால் அந்தப் பிடியை அப்படியே விட்டு, குரல் பேசுகிற இடத்துக்கு இறங்கிவிடுவார். மாமா விடமாட்டார். கொஞ்சம் கீழே போய் மறுபடி அதே பிடிக்கு வருவார். இன்னொரு தடவை. கடைசியில் அந்த நிஷாதம் அசைந்து அசைந்து வந்து உட்காரும் பாருங்கள், அந்தக் கனம் வழவழப்பான எந்தக் குரலிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அவருக்கு வாய்த்தது மூக்கடைத்த, கம்மலான சாரீரம். பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரின் மருமான். அந்த வீட்டுப் பிள்ளை வில்லைக் கையில் எடுத்திருந்தால் ஊரே சரி என்றிருக்கும். அவரோ பாட்டையே பிடித்துக்கொண்டார். செம்மங்குடி நாராயணஸ்வாமி ஐயர், கோட்டுவாத்தியம் சகாராம ராவ், உமையாள்புரம் சுவாமிநாத ஐயர், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் என்று பாடாந்தரம் சேர்ந்தது. அதற்கு அடியில் ஓயாத சாதகம்: அகாரம், மூன்று காலத்தில் வரிசைகள், மந்தர ஸ்தாயி. 1926-இல் கும்பகோணத்தில் முதல் கச்சேரி. 1947-இல், நாற்பது வயதுகூட நிரம்பாமல், சங்கீத கலாநிதி. எம்.எஸ். போன்ற குரல் படைத்தவரே இவரிடம் வந்து பாடம் கேட்டார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் மேடையில் உட்கார்ந்து பாடினார்.

அத்தனை சாதகமும் அவர் குரலை இனிப்பாக்கிவிடவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கம்மல் கடைசிவரை இருந்தது. சாதகம் அவருக்குத் தந்தது நெஞ்சுரம். குரல் எங்கே முரண்டும், எவ்வளவு நேரத்தில் வழிக்கு வரும் என்பதைத் தினம் தினம் பார்த்துப் பழகியவருக்குச் சபையில் என்ன பயம்? முதல் அரைமணி குரல் எழும்பாவிட்டாலும் அவர் பதறியதில்லை. சாவேரி வரும்போது எல்லாம் திறந்திருக்கும். அவருடைய பாணியே அந்தக் குரலோடு மல்லுக்கட்டிப் பிறந்தது என்பது என் கட்சி. பிருகா ஓடாத தொண்டை, ஒவ்வொரு பிடியையும் அழுத்தி, கமகம் கொடுத்து நிறுத்தக் கற்றுக்கொண்டது.

மதுரை மணி ஐயரின் பரம ரசிகரான நண்பர் ஒருவர் இதற்கு ஒப்பமாட்டார். பாடுகிறவர் படும் பாடு கேட்பவனுக்குத் தெரியவே கூடாது என்பார். மணி ஐயரின் சர்வலகு ஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் பாடுபட்டு எட்டிய ஸ்வரத்தில் ஒரு ருசி இருக்கிறது. அந்தப் பாடு காதில் விழாவிட்டால் அந்த ருசி பாதிதான்.

இன்றைய சபாக்களில் நல்ல குரல்களுக்குப் பஞ்சமே இல்லை. மைக் மெல்லிய முணுமுணுப்பையும் கடைசி வரிசை வரை கொண்டுபோகிறது. கீழ் ஷட்ஜத்துக்குக் கீழே பலருக்குக் குரலே இல்லை. அங்கே போக வேண்டும் என்ற கவலையும் காணோம். வர்ணம் பாடமானதும் வரிசைகளை மூட்டை கட்டிவிடுகிறார்கள். பதிவைக் கேட்டுக் கேட்டு உருப்படி சேர்க்கிறார்கள். ஆலாபனையில் ஒரு பிடி நழுவினால் அந்தக் கணமே வேறொன்றுக்குத் தாவுகிறார்கள். கேட்கிற எனக்கு அங்கேயே மனம் விட்டுப்போகிறது.

பாட்டு கற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கீர்த்தனை எப்போது என்று வாத்தியாரை நெருக்காதீர்கள். காலையில் அரைமணி மந்தர ஸ்தாயியில் அகாரம் பாட விடுங்கள், குரல் சொன்னபடி கேட்காத நாளிலும்.