உண்டாகும் இணைப்பும் நிலைக்கும் இணைப்பும்

நேற்று மதியம் என்ன குழம்பு சாப்பிட்டோம் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் மூன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்த ஏழாம் வாய்பாடு இன்றும் தடையின்றி நாவில் வருகிறது. இந்த வேற்றுமைக்கு மூளையில் என்ன காரணம்? இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் துரத்திச் சென்ற ஒரு விஞ்ஞானி, அந்த ஆராய்ச்சியையும் தம் வாழ்க்கையையும் சேர்த்துப் பின்னி எழுதிய நூல் 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் பெயர் 'இன் சர்ச் ஆஃப் மெமரி'. 'நினைவைத் தேடி' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். எழுதியவர் எரிக் காண்டெல். நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறையை ஆராய்ந்ததற்காக, 2000-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசை ஆர்விட் கார்ல்சன், பால் கிரீன்கார்டு ஆகியோருடன் பகிர்ந்துகொண்டவர்.

கல்லூரி மாணவர்கள் படிக்க வேண்டிய நூல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு குறை உண்டு. மூளையில் நரம்பு செல்களுக்கிடையே இணைப்பு எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு இந்நூல் தாராளமாக இடம் தருகிறது. உண்டான இணைப்பு எப்படி ஆண்டுக்கணக்கில் நிற்கிறது என்ற கேள்வியையோ சில பக்கங்களில் கடந்து சென்றுவிடுகிறது. இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில், இரண்டாவது கேள்வியே கடினமானது என்று நான் கருதுகிறேன்.

நூலின் சிறப்பை முதலில் சொல்லிவிடுவோம். வியன்னாவில் 1929-இல் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939-இல் அமெரிக்கா சேர்ந்த யூதச் சிறுவனின் கதை நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் அறிவியல் வாசகனுக்குப் பெருவிருந்து, ஏப்ளிசியா என்னும் கடல் முயலைப் பற்றிய பகுதிதான். ஓடு வெளியே தெரியாத, நத்தை இனத்தைச் சேர்ந்த இந்தக் கடற்பிராணிக்கு நரம்பு செல்கள் சுமார் 20,000 மட்டுமே. மனித மூளையிலோ ஏறத்தாழ 8,600 கோடி! மேலும் கடல் முயலின் சில நரம்பு செல்கள் வெறுங் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியவை. சிக்கலான ஒன்றைப் புரிந்துகொள்ள அதன் மிக எளிய வடிவத்தைத் தேடு என்பது இயற்பியலாரின் பழைய வழக்கம். மருத்துவம் படித்த காண்டெல் அந்த வழியில் துணிந்து இறங்கினார். நத்தையிடம் நினைவைத் தேடுவதா என்று கேட்ட மூத்தவர்களை அவர் பொருட்படுத்தவில்லை.

கடல் முயலின் நீர்க்குழலைத் தொட்டால் அது தன் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டுப் பிறகு மெல்லத் தொட்டாலும், வழக்கத்தைவிட வலுவாக இழுத்துக்கொள்ளும். இந்த 'நினைவு' சில நிமிடங்களே நிற்கும். இடைவெளி விட்டு ஐந்து முறை அதிர்ச்சி கொடுத்தாலோ நாட்கணக்கில் நிற்கும். முதலாவதற்குப் புதிய புரதம் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள மூலக்கூறுகளில் ஏற்படும் சிறு மாற்றம் போதும். இரண்டாவதற்குச் செய்தி செல்லின் உட்கரு வரை சென்று, கிரெப் என்னும் புரதத்தின் வழியாகச் சில ஜீன்களைத் தட்டி எழுப்பி, புதிய புரதங்கள் உண்டாக வேண்டும். அப்போது இணைப்பின் எண்ணிக்கையே கூடுகிறது. காண்டெலுடன் பணியாற்றிய கிரெய்க் பெய்லியும் மேரி சென்னும் எண்ணிப் பார்த்தார்கள். ஓர் உணர்வு நரம்பு செல்லுக்குச் சாதாரணமாக 1,300 அளவில் இருந்த முனைகள், நீண்டகாலப் பயிற்சிக்குப் பின் 2,700 அளவுக்கு உயர்ந்திருந்தன. நினைவு மங்கியபோது அவை 1,500 அளவுக்கு இறங்கின. அந்த மிச்சம் 200-ஐக் கவனியுங்கள். ஒருமுறை கற்று மறந்ததை மறுமுறை விரைவில் கற்றுக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதுவரை எல்லாம் அழகாக இருக்கிறது. மாணவன் நூலை மூடிவிட்டு, 'திரும்பத் திரும்பப் படித்தால் மூளையில் கம்பி இழுத்து சால்டர் வைத்ததுபோல் ஆகிவிடும்' என்று முடிவு கட்டிக்கொள்வான். பொது வாசகருக்காக எழுதப்படும் கட்டுரைகள் பலவும் இந்தச் சித்திரத்தையே தருகின்றன. இதில்தான் எனக்குச் சம்மதமில்லை. செம்புக் கம்பியில் உள்ள அணுக்கள் வைத்த இடத்தில் இருக்கின்றன; பத்தாண்டு கழித்துத் திறந்து பார்த்தாலும் அதே செம்பு, அதே ஈயம். நரம்பு இணைப்போ புரதத்தால் ஆனது. அந்தப் புரதங்களுள் பெரும்பாலானவை சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் சிதைந்து, புதியவை அவ்விடத்துக்கு வந்துவிடுகின்றன. செய்தியை ஏற்கும் மூலக்கூறுகள் இன்னும் மோசம். அவை செல்லின் சவ்வில் மிதந்தபடி இணைப்புக்குள் வருவதும் வெளியேறுவதுமாக இருக்கின்றன. அப்படியானால் நீங்கள் மூன்றாம் வகுப்பில் வாய்பாடு படித்தபோது உண்டான இணைப்பில் இருந்த புரதங்களில் ஏறக்குறைய எதுவும் இன்று உங்கள் தலையில் இல்லை. வாய்பாடு மட்டும் இருக்கிறது.

இந்த முரண்பாட்டை 1984-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பாக எடுத்துரைத்தவர் பிரான்சிஸ் கிரிக். ஆம், டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்ட அதே கிரிக்தான். அவர் ஒரு வழியையும் சொன்னார். மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருப்பதாகக் கொள்வோம். நினைவைக் குறிக்கும் ஒரு வேதி அடையாளம் இரண்டின் மீதும் இருக்கிறது. ஒன்று சிதைந்து அடையாளமில்லாத புதியது அந்த இடத்துக்கு வந்தால், பக்கத்தில் இருக்கும் பழையது அதன்மீதும் அடையாளத்தை இட்டுவிடும். இரண்டும் ஒரே சமயத்தில் சிதையாத வரை செய்தி அழியாது.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க அயலூர் உவமை தேவையில்லை. நம் பழைய நூல்கள் ஓலைச்சுவடிகளில் இருந்தன. எந்த ஓலையும் என்றென்றும் தாங்குவதில்லை. பூச்சியும் ஈரமும் அதைத் தின்றுவிடும். பழைய ஏடு முற்றும் செல்லரிக்கும் முன் எவரோ ஒருவர் புதிய ஏட்டில் படி எடுத்து வைத்தார். அதனால் ஏடு போயும் நூல் நின்றது. படி எடுக்க ஆள் இல்லாத நூல்கள் மறைந்தன. மூளையின் இணைப்பும் அப்படித்தான் என்றால், அங்கே படி எடுப்பவர் யார்?

காண்டெலின் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு சோதனை இந்தக் கேள்வியின் வாசலுக்கே நம்மைக் கொண்டு நிறுத்துகிறது. நூலிலேயே ஆகச் சிறந்த பகுதி இதுதான் என்பேன். கெல்சி மார்ட்டின் என்பவர் இரு கிளை கொண்ட ஓர் உணர்வு செல்லை, தனித்தனியான இரண்டு இயக்கு செல்களோடு தட்டில் வளர்த்தார். ஒரு கிளையில் மட்டும் செரடோனின் என்னும் வேதிப்பொருளை ஐந்து முறை தெளித்தார். அந்தக் கிளையில் மட்டுமே புதிய முனைகள் வளர்ந்தன. உட்கரு ஒன்றுதான், ஆனால் அது அனுப்பிய பொருள்கள் குறியிடப்பட்ட கிளையில்தான் பயன்பட்டன. இப்போது அந்தக் கிளையில் உள்ளூரில் புரதம் உண்டாவதை மட்டும் தடுத்தால் என்ன ஆகும்? வளர்ச்சி உண்டாகிறது, ஒரு நாள் நிற்கிறது, பிறகு மறைந்துவிடுகிறது!

உண்டாவது வேறு, நிலைப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? இந்த இடத்தில் ஆசிரியர் சற்று உட்கார்ந்து வாசகனோடு பேசியிருக்க வேண்டும். அவரோ விரைந்து ஒரு விடைக்குத் தாவிவிடுகிறார்.

அந்த விடை கவர்ச்சியானதுதான். நம் நாட்டவரான கௌசிக் சி, காண்டெலிடம் ஆராய்ச்சி செய்தபோது, சி.பி.இ.பி. என்னும் புரதம் இருவகை வடிவம் எடுக்கும் என்று கண்டார். ஒரு வடிவம் செயலற்றது. மற்றது தன் அருகில் உள்ளவற்றையும் தன் வடிவத்துக்கே மாற்றிவிடும். மாடுகளுக்குப் பித்தம் பிடிக்கச் செய்யும் பிரையான் என்ற புரதத்தின் குணமும் இதுவே. இங்கு அதே குணம் நன்மைக்குப் பயன்படுகிறது. ஒருமுறை மாறிய புரதம், இணைப்புக்கு வேண்டியவற்றை உள்ளூரிலேயே தொடர்ந்து தயாரிக்கச் செய்கிறது. 2003-இல் வெளியான இக்கருத்துக்குப் பின்னாளில் பழ ஈயிலும் எலியிலும் ஆதரவு கிடைத்திருக்கிறது. அதனால் காண்டெல் கூறியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. விடை எவ்வளவு கடினமான தேர்வைத் தாண்ட வேண்டும் என்பதை அவர் வாசகனுக்குக் காட்டவில்லை என்பதே என் குறை.

அந்தத் தேர்வு என்ன? இரு நிலை கொண்ட எந்த ஸ்விட்சும் இரண்டு பள்ளங்களுக்கு நடுவே ஒரு மேடு போன்றது. பந்து ஒரு பள்ளத்தில் கிடக்கும். தள்ளினால் மறு பள்ளத்துக்குப் போகும். ஆனால் உடலின் 37 டிகிரி வெப்பத்தில் மூலக்கூறுகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. பந்து தானாகவே மேட்டைத் தாண்டிவிடலாம். இதில் எண்ணிக்கையும் முக்கியம். 10,000 மூலக்கூறுகள் வந்துபோகும் இடத்தில் இயல்பான ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமான 100, அதாவது நூற்றுக்கு 1. ஆனால் 100 மூலக்கூறுகளே உள்ள இடத்தில் அது 10, அதாவது நூற்றுக்கு 10. ஒரு சிறிய நரம்பு இணைப்பில் உள்ள ஏற்பு மூலக்கூறுகள் சில பத்துகளிலிருந்து நூறு அளவில்தான். இவ்வளவு சிறிய கூட்டம் அறுபது ஆண்டுகள் தன் நிலையை மறக்காமல் இருப்பது வியப்பன்றோ? பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த உபிந்தர் பல்லா போன்றோர் இதைக் கணிப்பொறியில் மாதிரி செய்து பார்த்திருக்கிறார்கள். புரதங்களின் போக்குவரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் இத்தகைய ஸ்விட்சுகள் தோன்றக்கூடும் என்று அவரும் ஆர்னல்ட் ஹேயரும் 2005-இல் காட்டினர்.

நூல் வெளிவந்த அதே 2006-இல் வேறொரு மூலக்கூறு மேடை ஏறியது. நியூயார்க்கைச் சேர்ந்த டாட் சாக்டரின் குழுவினர், பி.கே.எம். ஸீட்டா என்ற நொதியே நினைவைத் தாங்கி நிற்கிறது என்றனர். சுழலும் தட்டில் அதிர்ச்சி தரும் பகுதியைத் தவிர்க்கக் கற்ற எலிகளுக்கு ஒரு மாதம் கழித்து ஸிப் என்னும் தடைப்பொருளை மூளையில் செலுத்தியபோது, கற்றது அழிந்துபோயிற்று. பத்திரிகைகள் கொண்டாடின. 2013-இல் இரு ஆய்வுக்கூடங்கள் அந்த நொதியே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கின. அவற்றுக்கு நினைவு நன்றாகவே இருந்தது; ஸிப் அந்த நினைவையும் அழித்தது! எனவே ஸிப் வேறெதையோ தாக்குகிறது என்றாயிற்று. 2016-இல் சாக்டர் தரப்பு மறுமொழி சொன்னது: நொதி இல்லாத எலிகளில் அதன் உறவுமுறை நொதி ஒன்று அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது, ஸிப் அதையும் தடுக்கிறது. 2024-இல் அவர்கள் கிப்ரா என்னும் மற்றொரு புரதத்தைக் காட்டி, அது இணைப்பில் குறியாக நின்று புதிதாக வரும் பி.கே.எம். ஸீட்டாவைப் பிடித்துவைக்கிறது என்றனர். நாற்பது ஆண்டுக்கு முன் கிரிக் சொன்ன கருத்தின் சாயலை இதில் காணலாம். வழக்கு இன்னும் முடியவில்லை.

2006-இல் அச்சான நூல் 2013-இல் நடந்ததைச் சொல்லவில்லை என்று குறை கூறுவது நியாயமாகாது. ஆனால் அதற்கு முன்பே கையிலிருந்த ஒரு சிக்கல் நூலில் முக்கிய இடம் பெறவில்லை. 2002 டிசம்பரில் ஒரே 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. இரண்டும் உயிருள்ள சுண்டெலியின் மூளையில், நரம்புக் கிளைகளில் முட்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்பு இடங்களை நுண்நோக்கியால் வாரக்கணக்கில் பார்த்தவை. வென்-பியாவ் கானின் குழு, ஒரு மாதத்தில் நூற்றுக்கு 96 முட்கள் அப்படியே இருப்பதாகக் கண்டது. காரெல் ஸ்வோபோடாவின் குழுவோ சுமார் பாதிதான் மிஞ்சுவதாகக் கண்டது. என்ன விபரீதம்! பார்த்த மூளைப் பகுதிகள் வேறு என்பது ஒரு காரணம். முன்னவர்கள் மண்டையோட்டைத் தேய்த்து மெலிதாக்கி அதன் வழியே பார்த்தார்கள். பின்னவர்கள் எலும்பை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தார்கள். எலும்பை எடுப்பதே மூளையில் கிளர்ச்சி உண்டாக்கி முட்களைக் குலைக்கிறது என்று கானின் குழு 2007-இல் வாதிட்டது. கவனமாக அறுவை செய்து போதிய நாள் காத்திருந்தால் அப்படி ஆவதில்லை என்று மறுதரப்பு கூறியது. அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுவதை நம் ஆய்வுக்கூடத்தில் வோல்ட்மீட்டரை இணைக்கும் மாணவனும் அறிவான்.

2015-இல் மற்றொரு செய்தி வந்தது. புதிய நினைவுகளுக்கு முதல் இடமான ஹிப்போகேம்பஸில், முட்களின் சராசரி ஆயுள் ஓரிரு வாரங்களே என்று மார்க் ஷ்னிட்சரின் குழு கண்டது. அங்கே இணைப்புகள் ஏறத்தாழ முழுவதுமே சில வாரங்களில் புதிதாகிவிடுகின்றன. பெருமூளைப் புறணியிலோ, ஒரு பயிற்சியின்போது முளைத்த முட்களில் சிறு பங்கு நீண்ட காலம் தங்கிவிடுகிறது. ஆகவே 'ஓர் இணைப்பு, ஒரு நினைவு' என்ற கணக்கு எங்கும் பொருந்தாது. நினைவு ஒரு பெரும் கூட்டத்தின் அமைப்பில் இருக்கிறது என்றால் தனி உறுப்பினர் மாறினாலும் அமைப்பு நிற்கலாம். எந்த அளவு மாறினால் அமைப்பே சிதையும் என்பது தனிக் கேள்வி. கடல் முயலின் ஓர் உணர்வு செல், ஓர் இயக்கு செல் என்ற இணையிலிருந்து தொடங்கும் ஆசிரியருக்கு இந்தக் கேள்வி இயல்பாக எழவில்லை. எளிய உயிரைத் தேர்ந்ததால் கிடைத்த ஆதாயத்துக்கு அவர் கொடுத்த விலை இது.

நூலில் ஃபிராய்டைப் பற்றியும் நனவு நிலை பற்றியும் வரும் பக்கங்களை, நேரம் குறைவாக உள்ள மாணவர் பிறகு படித்துக்கொள்ளலாம்; அங்கே சோதனை குறைவு, நம்பிக்கை அதிகம். கடல் முயல் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மார்ட்டினின் இருகிளைச் சோதனையை ஒரு தாளில் படமாக வரைந்து, எந்த நிலையில் எதைத் தடுத்தால் என்ன நடக்கும் என்று நீங்களே அட்டவணை போட்டுப் பாருங்கள். பிறகு கிரிக்கின் 1984-ஆம் ஆண்டுக் குறிப்பைத் தேடிப் படியுங்கள். சிறியதுதான், பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் தெரிந்திருந்தால் போதும், அகராதி துணையோடு ஒரே மாலையில் முடித்துவிடலாம்.