சென்சாரை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

செங்கல்பட்டு, மதுராந்தகம் வட்டாரக் கல்குவாரிகளில் ஒரு வீல் லோடர் படுத்துவிட்டால் டிப்பர்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். அன்றைய வேலை போச்சு. இன்ஜின் நன்றாக ஓடும், ஆயில் அளவும் சரியாக இருக்கும், ஆனால் வண்டி இரண்டாவது கியரைத் தாண்டாது. மானிட்டரில் ஸ்பீடு சென்சார் எரர் காட்டும். “அண்ணே, ரெண்டுக்கு மேல ஏற மாட்டேங்குது” என்று இங்கே ஆப்பரேட்டர் சொல்வதையே இலங்கையின் கிளிநொச்சியில் “அண்ணை, ரெண்டுக்கு மேல ஏறுதில்லை” என்பார்கள். கோளாறு ஒன்றுதான். அதைத் தேடிப் பிடிக்கும் பழக்கம் இரு நாட்டிலும் வேறு வேறு.

கியர் பாக்ஸுக்குள் சுழலும் பல்சக்கரத்தின் எதிரே, அதைத் தொடாமல், மிகச் சிறிய இடைவெளியில் நிற்பது இந்தச் சென்சார். உள்ளே போகும் வேகத்தை ஒன்றும் வெளியே வரும் வேகத்தை இன்னொன்றும் கன்ட்ரோலருக்குச் சொல்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் எப்போது கியர் மாற்றுவது, கிளட்ச் வழுக்குகிறதா என்று கன்ட்ரோலர் முடிவெடுக்கிறது. கணக்கு உதைத்தால், கியர் பாக்ஸைக் காப்பாற்ற வண்டியைக் கீழ் கியரிலேயே பிடித்து வைத்துவிடும். லோடர், கிரேடர், டம்பர் போன்றவற்றுக்குத்தான் இந்தத் தொல்லை. செயினில் ஓடும் பொக்லைனில் இப்படி மாறும் கியர் இல்லை.

நம் குவாரிகளில் ஒரு காலத்தில் உழைத்த ‘இந்துஸ்தான் 2021’ என்ற லோடர் முழுக்க இரும்பும் ஆயிலும்தான். இன்று நிலைமை வேறு. டயர் வண்டிகளுக்கு 2021 ஏப்ரலில் பி.எஸ். சி.இ.வி. நான்காம் நிலை மாசு விதி வந்தது. 2025 ஜனவரியில் ஐந்தாம் நிலை. இவை இன்ஜினுக்கான விதிகள்தான் என்றாலும், அவற்றோடு வண்டியில் கன்ட்ரோலர்களும் வயரிங்கும் பெருகின. வண்டி நின்றால் டீலரின் சர்வீஸ் ஆள் லேப்டாப்போடு வருகிறார். அதில் தெரியும் எரர் கோட் ஜே1939 முறையில் எஸ்.பி.என். 191 என்றால் அவுட்புட் ஷாஃப்ட் வேகம். பக்கத்தில் எஃப்.எம்.ஐ. 5 இருந்தால் சர்க்யூட் அறுந்திருக்கிறது. 2 இருந்தால் சிக்னல் தாறுமாறாக வருகிறது. சென்சார் கெட்டுவிட்டது என்று அந்தக் கோட் எங்கேயும் சொல்லவில்லை. சென்சார், கப்ளர், வயர், கன்ட்ரோலர் பின் எல்லாமே அந்தச் சர்க்யூட்டில் அடக்கம். ஆனாலும் சென்னை பக்கத்திலேயே இருப்பதால் ஸ்பேர் சீக்கிரம் கிடைக்கிறது. அளந்து பார்க்காமல் புதுச் சென்சாரை மாட்டுவது பழக்கமாகிவிட்டது.

மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி நோக்கி கிழக்குக் கடற்கரைச் சாலையை நான்கு வழியாக்கும் பணி போன்ற கடலோர வேலைகளில் இந்தப் பழக்கம் அதிகம் ஏமாற்றும். உப்புக்காற்று கப்ளருக்குள் புகுந்து பின்னைப் பச்சை பிடிக்க வைக்கிறது. சென்சாரை மாற்றும்போது கப்ளரைக் கழற்றி மாட்டுகிறோம். அந்த உரசலில் பச்சை சற்றே நீங்கி சிக்னல் திரும்பிவிடுகிறது. பெயர் புதுச் சென்சாருக்குப் போகிறது. சில வாரத்தில் அதே எரர் மறுபடி வருகிறது. உள்ளே குவாரிப் பக்கம் என்றால் அதிர்வும் கல்தூசியும் சேர்ந்து, வயர் சேஸிஸில் உரசும் இடத்தில் தோலை உரித்துவிடுகின்றன.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கே ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள் ஏராளம். மானிட்டர் எழுத்துகூட ஜப்பானியமாக இருப்பதுண்டு. பழைய பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போக வேண்டும், இல்லையேல் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் அந்நியச் செலாவணியே தீர்ந்துபோனது. புது வண்டி வாங்க வழியில்லாத அந்த ஆண்டுகளில் இருக்கும் வண்டியைத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. அதனால் ஒரு நல்ல கராஜில் மல்டிமீட்டர்தான் முதலில் வெளியே வரும்.

இரண்டு வயர் சென்சார் பெரும்பாலும் காந்தமும் காயிலும் கொண்டது. அதை ஓமில் அளந்து மேனுவல் மதிப்போடு ஒப்பிட வேண்டும். பாடியோடு எர்த் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சக்கரம் சுழலும்போது ஏ.சி. வோல்ட் ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். 60 பல் உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் மீட்டர் 1000 ஹெர்ட்ஸ் காட்டியாக வேண்டும். மூன்று வயர் ஹால் சென்சாரை ஓமில் அளப்பது வீண். சப்ளை வருகிறதா, சிக்னல் ஏறி இறங்குகிறதா என்பதே சோதனை. மரையுள்ள சென்சாரைத் திரும்ப மாட்டும்போது அதன் நுனிக்கு நேராகப் பல் நிற்கிறதா என்று பார்த்து, பல்லைத் தொடும்வரை கையால் முறுக்கி, மேனுவல் சொல்லும் அளவுக்குப் பின்வாங்கி லாக் நட்டை இறுக்க வேண்டும். 1.5 மில்லிமீட்டர் மரையில் அரைச்சுற்று என்றால் 0.75 மில்லிமீட்டர் இடைவெளி. நுனி பள்ளத்துக்கு நேரே இருக்கும்போது முறுக்கினால் அடுத்த பல் வந்து சென்சாரை உடைத்துவிடும்.

இலங்கை முறையிலும் குறை உண்டு. ஒரிஜினல் கிடைக்காதபோது வேறு வண்டியின் சென்சாரை மாட்டி ஓட்டுவதால் இடைவெளி பொருந்தாமல் கியர் அடித்து விழும், கிளட்ச் தேயும். லேப்டாப் இருந்தால் ஓடும் வண்டியிலேயே இரண்டு வேகத்தையும் திரையில் பார்த்துப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளக்கூடியதை, அங்கே அரைநாள் தேட வேண்டிவரும். இந்த வசதியில் நாம் முன்னால் நிற்கிறோம்.

இரு நாட்டிலும் தவறவிடக்கூடாத ஒன்று, கழற்றிய சென்சாரின் நுனி. காந்தம் இரும்புத் துகளைப் பிடித்து வைத்திருக்கும். மெல்லிய கருஞ்சேறு சாதாரணம். மினுமினுக்கும் சில்லுகள் தெரிந்தால் உள்ளே பல்லோ பேரிங்கோ தேய்கிறது. அதைத் துடைத்துவிட்டு வண்டியை அனுப்பினால் அடுத்து வரப்போவது கியர் பாக்ஸ் செலவு.

என் முடிவு இது: கோட் படிக்க நம் லேப்டாப் முறை, உறுதி செய்ய இலங்கையின் மீட்டர் முறை, இரண்டும் சேர்ந்தால்தான் நோய் பிடிபடும். செங்கல்பட்டு அரசு ஐ.டி.ஐ.யானாலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை-ஜெர்மன் பயிற்சி நிறுவனமானாலும், பழுதான வயரிங்கை மேசையில் வைத்து அளக்கக் கற்றுக்கொடுக்கட்டும். குவாரி உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அளவு எழுதாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பழைய சென்சாரின் ஓம் (ஹால் சென்சாரானால் சிக்னல்), கப்ளரில் வந்த வோல்ட், நுனியில் இருந்தது என்ன என்ற மூன்றையும் வேலைச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.