வேலைக்காரியின் வீடு: எஸ்தர் ரோலும் ஒரு சிரிப்பின் அரசியலும்

1

1976 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினப் பெண் கணவனைப் புதைத்துவிட்டு வீடு திரும்புகிறாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவளே ஆறுதல் சொல்கிறாள். அம்மா ஏன் அழவில்லை என்று பிள்ளைகளுக்கே கோபம். எல்லோரும் போன பிறகு, மிச்சம் மீதியை ஒழித்துவைக்கிறபோது கையிலிருந்த கண்ணாடிப் பாத்திரத்தைத் தரையில் அடித்து உடைக்கிறாள். ஒரே வசைச்சொல்லை மூன்று முறை சொல்கிறாள். அப்புறம்தான் அழுகை வருகிறது.

இது ஏதோ சோக நாடகம் இல்லை. 'குட் டைம்ஸ்' என்ற சிட்காம்; வாரம் அரை மணி நேரம் ஜனங்களைச் சிரிக்கவைப்பதற்கென்றே எழுதப்படும் தொடர். அழுதவள் ஃப்ளோரிடா எவன்ஸ் என்ற பாத்திரம். நடித்தவர் எஸ்தர் ரோல். அந்தக் கணவனைக் கொன்றது மிசிசிப்பியில் நடந்த கார் விபத்து என்று கதை சொன்னது. உண்மையில் கொன்றது தயாரிப்பு அலுவலகம். கணவனாக நடித்த ஜான் ஏமோஸ் கதைப்போக்கைப் பற்றி ஓயாமல் சண்டை பிடித்தார் என்று வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். ஆகவே அந்தப் பாத்திரம் உடைந்த சத்தத்தை ஒரு விதவையின் துக்கமாக மட்டும் கேட்டால் போதாது என்று எனக்குப் படுகிறது. அந்தக் கணவனை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவர் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

2

எஸ்தர் ரோல் 1920இல் ஃப்ளோரிடா மாநிலத்தின் பொம்பானோ பீச்சில் பிறந்தார். பெற்றோர் பஹாமாஸ் தீவுகளிலிருந்து வந்து காய்கறி பயிரிட்டவர்கள். பதினெட்டுப் பிள்ளைகளில் இவர் பத்தாவது. நியூயார்க் போய்ப் படிப்பும் பிழைப்புமாக இருந்து, மேற்கு ஆப்பிரிக்கரான அசடாட்டா டஃபோராவின் நடனக் குழுவில் ஆடி, 1960இல் அந்தக் குழுவுக்கே இயக்குநரானார். 1962இல் ழான் ஜெனேயின் 'கறுப்பர்கள்' நாடகத்தில் மேடையேறினார். 1967இல் நீக்ரோ என்செம்பிள் கம்பெனி தொடங்கியபோது அதன் ஆரம்பகால நடிகர்களில் ஒருவர். தொலைக்காட்சி அவரைத் 'தேடிக் கண்டுபிடித்தது' 1972இல், அவருக்கு ஐம்பத்தொரு வயதில். என்ன வேஷத்துக்கு? வீட்டு வேலைக்காரி வேஷத்துக்கு!

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கறுப்பினப் பெண்ணை மையமாக வைத்த அமெரிக்காவின் முதல் சிட்காம் 'பியூலா' (1950-53). அதுவும் வேலைக்காரி கதைதான். வானொலியில் அந்த பியூலாவுக்கு முதலில் குரல் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்கார ஆண் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பிம்பம் யாருடையது, குரல் யாருடையது என்ற கேள்விக்கு இதைவிடப் பச்சையான பதில் கிடைக்காது. ரோலின் அக்கா எஸ்டெல் எவன்ஸும் நடிகைதான். 1962இல் வந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தில் அவருக்குக் கிடைத்தது வெள்ளை வக்கீல் வீட்டுச் சமையல்காரி வேஷம்.

இந்தப் பழைய பிம்பத்தின் இலக்கணம் எளிமையானது. வேலைக்காரிக்கு அடுப்படி உண்டு, அன்பு உண்டு, எஜமானர் பிள்ளைகள் மேல் பாசம் உண்டு. வீடு மட்டும் கிடையாது. சாயங்காலம் அவள் எங்கே போகிறாள் என்று கேமரா கேட்டதே இல்லை.

3

'மோட்' தொடரில் ரோல் முதன்முதலாக வந்த அத்தியாயத்திலேயே இந்த இலக்கணம் கொஞ்சம் ஆட்டங்காண்கிறது. பியா ஆர்தர் நடித்த மோட் முற்போக்கான வெள்ளைக்காரி. வேலைக்காரியைச் சமமாக நடத்துகிறேன் பேர்வழி என்று ஃப்ளோரிடாவை முன்வாசல் வழியாக வரச்சொல்லி உயிரை வாங்குகிறாள். ஃப்ளோரிடாவுக்கு அந்தத் தாராள மனசே தொந்தரவு. என் வேலையை என் முறைப்படி செய்யவிடு என்கிறாள். சிரிப்பு எஜமானியின் பக்கம் திரும்புகிறது. அதிகாரம் தன்னைக் கருணையாக அலங்கரித்துக்கொள்ளும்போது அடித்தட்டிலிருப்பவள் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அரசியல் சிரிப்பென்றால் இதுதான்.

பாத்திரம் பிடித்துப்போனதால் அவளுக்குத் தனித்தொடர் கொடுத்தார்கள். 1974 பிப்ரவரியில் 'குட் டைம்ஸ்' தொடங்கியது. உருவாக்கியவர்கள் எரிக் மாண்டே, மைக் எவன்ஸ் என்ற இரண்டு கறுப்பின எழுத்தாளர்கள். தயாரிப்பு நார்மன் லியருடையது. குடும்பத்தை மட்டும் பிள்ளைகளோடு போட்டு நடத்தும் தனித்தாய் கதையாக அது வந்திருக்கக்கூடும். அப்பா இல்லாவிட்டால் நான் இல்லை என்றார் ரோல். ஜேம்ஸ் எவன்ஸ் பிறந்தது அப்படித்தான். நடிக்க வந்த ஜான் ஏமோஸ் ரோலைவிடப் பத்தொன்பது வயது இளையவர். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இதை ஒரு நடிகையின் பிடிவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. 1965இல் மொய்னிஹான் என்ற அரசு அதிகாரி எழுதிய அறிக்கை, கறுப்பினக் குடும்பங்களின் கஷ்டத்துக்குத் தாயே தலைமை தாங்கும் குடும்ப அமைப்பை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டியது. வேலை கொடுக்காத ஆலையும் வீடு கொடுக்காத நகரமும் பின்னுக்குப் போய், குடும்பம் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. 1968இல் வந்த 'ஜூலியா' தொடரின் கறுப்பின நர்ஸும் வியத்நாமில் கணவனை இழந்தவள்தான். இந்தக் கதையாடலுக்கு எதிராகத்தான் ரோல் ஒரு மனிதனை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தார். மூன்று வேலை பார்த்தும் வாடகை கட்ட முடியாத மனிதன். ஓடிப்போனவன் இல்லை. வேலை இல்லாதவன்.

'அப்பா வந்தால்தான் குடும்பமா? இதுவும் ஆண்மையவாதம்தானே?' என்று நம் பெண்ணியத் தோழிகள் கேட்பார்கள். கேட்க வேண்டும். அந்த அப்பா பெல்ட்டைக் கழற்றி மிரட்டுகிற அப்பா என்பதும் உண்மை. ஆனால் குடும்பம் என்ற அமைப்பை மறுப்பது வேறு, குடும்பமே உனக்கு இல்லை என்று மறுக்கப்பட்டவர்கள் அதைக் கேட்பது வேறு. அடிமைச் சந்தையில் கணவனையும் பிள்ளையையும் தனித்தனியாக விற்ற தேசம் அது. அங்கே ஒரு கறுப்பினத் தாய் சாப்பாட்டு மேசையில் கணவனுக்கும் ஒரு நாற்காலி கேட்பதை மரபுவாதம் என்று ஒற்றை வார்த்தையில் தள்ளிவிட முடியாது.

4

சரி, கேமரா கடைசியில் வேலைக்காரியின் வீட்டுக்குப் போனது. சிகாகோவின் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓர் இடுக்கு வீடு. போய் என்ன பார்த்தது?

தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்த மெய்ப்பாட்டியல் இங்கே உதவுகிறது. நகை பிறக்கத் தொல்காப்பியம் நான்கு நிலைக்களன் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அழுகைக்கும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. வறுமை அழுகையின் பட்டியலில் இருக்கிறது. 'குட் டைம்ஸ்' செய்ய முயன்றது வறுமையைக் கொண்டே நகையை உண்டாக்குவது. அதைச் செய்ய இரண்டு வழிதான். வறுமையை உண்டாக்குகிறவனைப் பார்த்துச் சிரிப்பது ஒன்று. வறியவனைப் பார்த்துச் சிரிப்பது இன்னொன்று. ஆரம்ப அத்தியாயங்களில் முதல் வழி இருந்தது. கடைக்குட்டி மைக்கேல் கறுப்பின வரலாறு பேசுவான். வீட்டு வாரியமும் தேர்தல் அரசியலும் கிண்டலுக்கு உள்ளாகும்.

அப்புறம் மூத்த மகன் ஜே.ஜே. 'டைனமைட்!' என்று ஒரு கத்துக் கத்தினான். அரங்கம் அதிர்ந்தது. அன்றிலிருந்து வாராவாரம் கத்த வேண்டியதாயிற்று. எள்ளல், இளமை, பேதைமை, மடன் நான்கும் ஒரே உடம்பில். ஜே.ஜே. கதைப்படி ஓவியன் என்பதும், அவன் வரைந்ததாகக் காட்டிய ஓவியங்கள் எர்னி பார்ன்ஸ் என்ற கறுப்பினக் கலைஞருடையவை என்பதும் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? கோமாளி ஓவியனைத் தின்றுவிட்டான். நடித்த ஜிம்மி வாக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கொடுத்த வேலையைத் திறமையாகச் செய்தார். வேலையை வகுத்த மேசையில் பெரும்பாலும் வெள்ளையர்கள் என்று ஏமோஸ் பின்னாளில் பலமுறை சொன்னார். டாக்டராக ஆசைப்படும் மகளும் நீதிபதியாக ஆசைப்படும் மகனும் இருக்க, ஏன் எல்லா வெளிச்சமும் ஒரு தொப்பிக்காரப் பையன் மேல் என்பதுதான் அவர் சண்டை.

ரோல் 1975இலேயே 'எபனி' பத்திரிகையில் இதை வெளிப்படையாகச் சொன்னார். பதினெட்டு வயசுப் பையன், வேலை கிடையாது, படிப்பு கிடையாது, யோசிக்கவும் மாட்டான், இவனையா எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுகிறீர்கள் என்பது சாரம். தான் நடிக்கும் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மீது எழுதிய விமர்சனம் என்று இதைக் கொள்ளலாம். சம்பளம் வாங்கிக்கொண்டே முதலாளியை விமர்சிப்பது எவ்வளவு ஆபத்து என்பது அடுத்த வருஷம் ஏமோஸுக்கு நடந்ததில் தெரிந்தது. அப்பா செத்தார். விதவைக்கு அவசர அவசரமாக இன்னொரு ஆளை ஜோடி சேர்த்தார்கள். 1977இல் ரோல் வெளியேறினார். தொடருக்குப் பெயர்க்காரணமான குடும்பம் தாயும் தகப்பனும் இல்லாமல் ஒரு வருஷம் சிரித்தது. மொய்னிஹான் அறிக்கையில் இருந்ததைவிட மோசமான வீடு! 1978இல் நிபந்தனைகளோடு திரும்பி வந்தார்: கூடுதல் சம்பளம், ஜே.ஜே.க்குக் கொஞ்சம் பொறுப்பு, இரண்டாம் கணவன் கதையிலிருந்து நீக்கம். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1979இல் தொடர் முடிந்தது.

5

அதே 1979இல் அவருக்கு எம்மி விருது கிடைத்தது. 'சம்மர் ஆஃப் மை ஜெர்மன் சோல்ஜர்' என்ற தொலைக்காட்சிப் படத்துக்காக. வேஷம்? ஒரு யூத வீட்டு வேலைக்காரி. 1989இல் 'டிரைவிங் மிஸ் டெய்ஸி' படத்தில் சமையல்காரி. அதே வருஷம் தொலைக்காட்சியில் வந்த 'எ ரெய்ஸின் இன் த சன்' நாடகத்தில் லீனா யங்கர்: வெள்ளையர் வீடுகளில் உழைத்துக் களைத்த தாய், கணவனின் இன்ஷூரன்ஸ் பணத்தில் சொந்தமாக ஒரு வீடு வாங்கத் துடிப்பவள். 1990இல் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி, தலைமைப் பண்புக்கான விருதை முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது. அந்தப் பெண் ரோல். 1998 நவம்பரில் இறந்தார்.

கடைசிவரை வேலைக்காரி வேஷம்தானே, எங்கே போயிற்று எதிர்ப்பு என்று கேட்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. வீட்டு வேலை செய்வது இழிவு என்று ரோல் ஒருபோதும் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால் அந்த வேலையைச் செய்து பிள்ளை வளர்த்த லட்சக்கணக்கான பெண்களை அவரே அவமதித்ததாகியிருக்கும். வேலைக்காரியின் வீட்டை மறைப்பதுதான் இழிவு. காட்டிவிட்டு அதைக் கூத்தாக்குவது அதைவிட இழிவு. பிம்பத்தை மாற்ற வேஷத்தை மாற்றினால் போதும் என்ற நம்பிக்கை நம்மிடமும் இருக்கிறது. வேலைக்காரிக்குப் பதில் டாக்டர், நீதிபதி என்று போட்டுவிட்டால் ஆயிற்றா? எழுதுகிற மேசையும் சிரிப்பை வகுக்கிற கையும் மாறாதவரை டாக்டரையும் 'டைனமைட்' என்று கத்தவைத்துவிடுவார்கள்.

ரோல் அந்த மேசையைப் பிடிக்கவில்லை. ஒரு நாற்காலி கேட்டு வாங்கினார், அதையும் பறித்துக்கொண்டார்கள், எழுந்து வெளியே போனார். தோல்வி என்று சொல்லலாம்தான். ஆனால் அந்தக் கண்ணாடிப் பாத்திரம் உடைந்தபோது, சிரிக்கவென்றே கூட்டிவந்து உட்காரவைத்த அரங்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. வறுமையும் இழவும் தங்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டிருந்தன.