முதலும் வழியும்: இங்கிலாந்தின் இளைஞர் இசைக்குழுக்கள் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

பதினைந்து பதினாறு ஆண்டு நிரம்பிய இளைஞர் ஒருவர் ஏதேனும் ஓர் இசைக்குழுவைத் தமக்கே உரியதாகக் கொண்டு, அதன் பாட்டுகளை இரவும் பகலும் கேட்டு, அவ்வழியே இசையின்பால் தீராக் காதல் கொள்ளுதல் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பல நாடுகளிலும் காணப்பட்ட நிகழ்ச்சியாகும். இலக்கியம் பயில்வார்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். ஒரு நூலினின்று மற்றொரு நூல் தோன்றுமாறும், கற்போன் ஆக்குவோனாக மாறுமாறும், முன்னோர்க்குப் பின்னோர் படும் கடனும் நம் இலக்கண ஆசிரியர்கள் ஆழ்ந்து எண்ணிய பொருள்களாம். தொல்காப்பியம் மரபியலில் நூலை முதல், வழி என இரண்டாக வகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காகப் பகுக்கிறது. நன்னூல் சார்புநூல் என்னும் மூன்றாவதனையும் சேர்க்கிறது. இப்பாகுபாட்டைக் கருவியாகக் கொண்டு 1956 முதல் 1969 வரை இங்கிலாந்து இளைஞரிடையே எழுந்த இசையார்வத்தின் இயல்பை ஈண்டு ஆராய்வோம்.

இரு திறனாய்வாளர்

பீட்டில்ஸ் என்னும் லிவர்ப்பூல் குழுவினர் புகழின் உச்சியை எட்டிய காலத்தில் அவர்களைக் குறித்து வெளிவந்த இரு கட்டுரைகள் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஒன்று 1963 டிசம்பர் 27 ஆம் நாள் 'தி டைம்ஸ்' நாளிதழில் அதன் இசைத் திறனாய்வாளர் வில்லியம் மான் எழுதியது. அவர் லெனன், மக்கார்ட்னி ஆகிய இருவரையும் அவ்வாண்டின் சிறந்த இசையமைப்பாளராகப் பாராட்டி, ஒரு பாட்டின் முடிவு 'ஏயோலியன்' என்னும் பழைய பண்முறையின்பாற்படும் என்று நுணுகி விளக்கினார். அச்சொல்லின் பொருளே தமக்குத் தெரியாது என்று லெனன் பிற்காலத்தில் கூறினார்.

மற்றொன்று 1964 பிப்ரவரி 28 ஆம் நாள் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் பால் ஜான்சன் எழுதியது. அவர் பாட்டை ஆராயவில்லை. கூச்சலிடும் இளைஞர் கூட்டத்தையே நோக்கினார். தாமும் தம் நண்பரும் பதினாறாம் வயதில் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைக் கேட்டதனை நினைவுகூர்ந்து, அதனோடு ஒப்பிட்டு, இக்கால இளைஞரின் நிலைக்கு இரங்கினார். வணிகர் விரித்த வலையில் வீழ்ந்தோர் அவர் என்பது கட்டுரையின் சாரம்.

முன்னவர் ஏட்டிலுள்ள சுரங்களை மட்டும் கண்டார். பின்னவர் அரங்கிலுள்ள கூட்டத்தை மட்டும் கண்டார். பாடுவோரும் சில ஆண்டுகட்கு முன்னர்த் தம் வீட்டு அறையில் வானொலிப் பெட்டியின் அருகே செவி சாய்த்திருந்த சிறுவரே என்பதனை இருவரும் கருதினாரல்லர். அவர் எதனை எவ்வாறு கேட்டனர் என்று அறியாது அவர்தம் ஆக்கத்தை மதிப்பிடல் அரிது. மூலத்தை அறியாது உரையை மதிப்பிடுவாரோடு அவர் ஒப்பர்.

எளிய வாயில்

1956 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லானி டானிகன் என்பார் பாடிய 'ராக் ஐலண்ட் லைன்' என்னும் பாட்டு இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்றது. 1954 இல் கிறிஸ் பார்பர் குழுவினரோடு பதிவு செய்யப்பட்ட இப்பாட்டு, 'ஸ்கிபில்' என்னும் எளிய இசைமுறையை நாடெங்கும் பரப்பியது. இம்முறைக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. விலை குறைந்த கித்தார் ஒன்று. விரலில் தையற்கூடு அணிந்து உரசி ஒலியெழுப்பத் துணி துவைக்கும் நெளிபலகை ஒன்று. கவிழ்த்த தேயிலைப் பெட்டியில் துடைப்பக் கழியை நட்டுக் கயிறு கட்டிய தாழ்சுரக் கருவி ஒன்று. இங்கிலாந்தின் தேயிலையில் பெரும்பகுதி அந்நாளில் இந்தியாவினின்றும் இலங்கையினின்றும் சென்றது. இலங்கை மலைநாட்டில் அவ்விலையைப் பறித்தோர் தமிழ்த் தொழிலாளர். எனவே அவர் உழைப்பைச் சுமந்து சென்ற பெட்டிகள் சிலவும் அந்நாட்டுச் சிறுவர் கையில் இசைக்கருவியாயின என்று கொள்ளுதல் பொருந்தும்.

கேட்ட பாட்டை மறுநாளே தானும் இசைத்துப் பார்க்கலாம் என்னும் துணிவைத் தந்தமையே ஸ்கிபிலின் பெருஞ்சிறப்பு. பேத்தோவனைக் கேட்ட இளைஞர் வியந்து அமைதியுற்றிருக்கலாம். டானிகனைக் கேட்ட இளைஞர் எழுந்து பெட்டி தேடினார். இவற்றுள் ஒன்றை உயர்ந்ததென்றும் மற்றொன்றைத் தாழ்ந்ததென்றும் கூறல் நம் கருத்தன்று. கேட்டல் ஆக்கமாக மாறுதற்கு வாயில் தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

இப்பாட்டின் வரலாறும் நோக்கத்தக்கது. ஜான் லோமாக்ஸ் என்னும் நாட்டுப்பாடல் தொகுப்பாளர் 1934 இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலச் சிறைகளில் கறுப்பின மக்கள் பாடக் கேட்டு இதனைப் பதிவு செய்தார். உடன் சென்ற லெட்பெல்லி என்னும் கறுப்பினப் பாடகர் இதனைக் கற்றுப் பின்னர்ப் பாட்டின் முன்னே உரையாடற் கதையும் சேர்த்துப் பாடினார். அவர் 1949 இல் மறைந்தார். அவர் பாடிய வடிவத்தையே டானிகன் விரித்துரைத்தார். சிறைகளுக்கு வருமுன்னரே லிட்டில் ராக் நகர இரயில் தொழிலாளரின் பாடகர் குழு இதனைப் பாடியது என்பதும் ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. எனவே லெட்பெல்லி செய்தது விரித்தல். டானிகன் செய்தது விரித்ததனை விரித்தல். முதல் எனக் கருதியதற்கும் ஒரு முதல் இருத்தலை இப்பாட்டு நன்கு காட்டுகிறது.

ஒரு பாடவேறுபாடு

டானிகனால் தூண்டப்பெற்று லிவர்ப்பூலில் எழுந்த சிறுவர் குழுக்களுள் ஒன்று 'குவாரிமென்'. அதன் தலைவர் ஜான் லெனன். 1957 ஜூலை 6 ஆம் நாள் ஊல்ட்டன் பகுதியிலுள்ள புனித பீட்டர் தேவாலய விழாவில் அக்குழு பாடியது. கேட்டோருள் ஒருவர் பால் மக்கார்ட்னி. அன்று லெனனுக்கு வயது 16, மக்கார்ட்னிக்கு 15.

லெனன் அன்று பாடியவற்றுள் ஒன்று டெல்-வைக்கிங்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவினரின் பாட்டு. அதன் சொற்களை அவர் முழுதும் அறிந்திலர். எனவே தெரியாத இடங்களில் சிறைச்சாலை பற்றிய சொற்களைத் தாமே இட்டுப் பாடினார் என்று மக்கார்ட்னி பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். பதிப்புத்துறை பயின்றார்க்கு இது மிக்க சுவை பயக்கும் செய்தியாம். ஏட்டில் சிதைந்த இடத்தை எழுதுவோன் தான் அறிந்த மரபினின்றும் நிரப்புதல் போல, லெனன் ஸ்கிபில் பாட்டுகளில் பயின்று வரும் சிறைச்சொற்களைக் கொண்டு காதற்பாட்டின் இடைவெளியை நிரப்பினார். அச்சொற்கள் லெட்பெல்லி முதலானோரின் வாழ்க்கையினின்றும் வந்தவை. அமெரிக்கச் சிறைகளின் துன்பம், தன்னை இன்னதென்று அறியாமலே, இங்கிலாந்தின் தேவாலயத் தோட்டத்தில் ஒலித்தது.

அன்று மக்கார்ட்னி எடி காக்கரனின் பாட்டொன்றைச் சொற்பிழையின்றிப் பாடிக் காட்டினார். கித்தாரைச் சுருதி கூட்டவும் அறிந்திருந்தார். லெனனோ தம் தாயார் கற்பித்த பாஞ்சோ முறையிலேயே கித்தாரை வாசித்து வந்தார். ஒருவர் பாடம் வழுவாது காப்பவர். மற்றவர் இடைவெளியைப் புதுச்சொல்லால் நிரப்புபவர். இவ்விரு இயல்பும் கூடியமையே பின்னெழுந்த ஆக்கத்திற்கு அடிப்படை என நாம் கருதுகிறோம். முன்னதன்றிப் பின்னது வெறும் வழுவாய் ஒழியும். பின்னதன்றி முன்னது வெறும் படியெடுத்தலாய் நின்றுவிடும்.

இவர்தம் கல்வி நூல்வழிப் பெற்றதன்று. கார்டு எனப்படும் சுரக்கூட்டுகளுள் தாம் அறியாத ஒன்றை அறிந்தவர் நகரின் மறுபுறத்தில் உள்ளார் எனக் கேட்டு, அதனைக் கற்றற்கென்றே பேருந்தேறிச் சென்றதனை மக்கார்ட்னி கூறியுள்ளார். ஒரு சொல்லின் பொருள் தேடி ஆசிரியர் இல்லம் நாடிச் சென்ற நம் பழைய மாணவர் மரபுக்கு இது அயலானதன்று. இதனை வணிகர் வலை என்று கூறல் பொருந்துமா?

வழியினின்று முதலுக்கு

இக்குழுவினர் வழிநூலாசிரியர் நிலையினின்று முதனூலாசிரியராக உயர்ந்தமையை இசைத்தொகுப்புகளே காட்டுகின்றன. இங்கிலாந்தில் 1963 மார்ச்சில் வெளிவந்த முதற்றொகுப்பில் 14 பாட்டுகள். அவற்றுள் 6 பிறர் இயற்றியவை. அவ்வாண்டு நவம்பரில் வந்த இரண்டாம் தொகுப்பிலும் பிறர் பாட்டு 6. 1964 ஜூலையில் வந்த மூன்றாம் தொகுப்பின் 13 பாட்டுகளும் லெனன், மக்கார்ட்னி இயற்றியவையே. ஆயின் அவ்வாண்டு டிசம்பரில் வந்த நான்காம் தொகுப்பில் மீண்டும் 6 பிறர் பாட்டுகள் இடம்பெற்றன. 1965 ஆகஸ்டில் 2; டிசம்பரில் ஒன்றுமில்லை.

இவ்வளர்ச்சி நேர்கோட்டில் செல்லவில்லை என்பது தெளிவு. ஓய்வின்றி ஊர்தோறும் சென்று பாடிக் களைத்த காலத்தில் இவர் தம் இளமையில் விரும்பிய பாட்டுகளிடமே திரும்பினர். இதனைத் தளர்ச்சி என்று கூறுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. முன்னோர் பொருளையேயன்றி அவர் மொழியையும் பொன்னெனப் போற்றுதல் நன்னூலார் உடன்பட்ட நெறி. புதிது ஆக்க வல்லவரான பின்னரும் தம்மை ஆக்கியவற்றை மறவாமை குறையன்று.

கடனும் நன்றியும்

இனிக் கடனைப் பற்றிக் கூறுதல் வேண்டும். 1961 அக்டோபரில் கென்ட் பகுதியின் டார்ட்ஃபர்ட் இரயில் நிலையத்தில் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் என்னும் இளைஞர் இருவர் தற்செயலாய்ச் சந்தித்தனர். தொடக்கப்பள்ளியில் ஒருங்கு பயின்ற அவரை மீண்டும் இணைத்தவை ஜாகரின் கையிலிருந்த சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் ஆகியோரின் இசைத்தட்டுகளே. 1962 இல் இவர் அமைத்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழு, மடி வாட்டர்சின் பாட்டொன்றினின்றே பெயர் பெற்றது. 1965 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிற்கு அழைக்கப்பட்ட பொழுது, தாம் போற்றிய ஹவுலின் உல்ஃப் என்னும் கறுப்பினப் பாடகரும் உடன் பாடுதல் வேண்டும் என்று இக்குழுவினர் வற்புறுத்தினர். ஐம்பது ஆண்டைக் கடந்த அம்முதியவர் பாட, இளைஞர் அவரைச் சூழ்ந்து தரையில் அமர்ந்து கேட்டனர். தம் நாட்டுக் கலைஞரை அமெரிக்க இளைஞர் பலர் அயல்நாட்டார் வாயிலாக அறிய நேர்ந்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. வில்லி டிக்சன் இயற்றி மடி வாட்டர்ஸ் 1962 இல் பாடிய பாட்டொன்றைத் தழுவி 1966 இல் ஸ்மால் ஃபேசஸ் குழு ஒரு பாட்டை வெளியிட்டது. 1969 இல் லெட் செப்பலின் குழு வெளியிட்ட புகழ்மிக்க பாட்டிலும் டிக்சனின் சொற்கள் பல புகுந்தன. ஆயின் ஆசிரியர் பெயர்களுள் அவர் பெயர் இல்லை. 1985 இல் டிக்சன் வழக்குத் தொடுத்தார். 1987 இல் அது நீதிமன்றத்திற்கு வெளியே உடன்பாட்டில் முடிந்தது. அதன்பின் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. லெட் செப்பலின் பாட்டின் இசையாட்சி புதிது என்பதில் ஐயமில்லை. பின்னோன் வேண்டும் வேறுபாட்டை வழிநூல் கொள்ளலாம் என்பதும் நம் மரபே. ஆயினும் நூல்வழி கூறுதலைப் பாயிரத்தின் இலக்கணங்களுள் ஒன்றாக வைத்த நம் முன்னோர், வழியை மறைத்தலை ஒப்பார்.

இரு குழுவினரும் ஒரே வகை இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தோரே. அன்பில் ஒருவர் மிக்காரும் ஒருவர் குறைந்தாரும் அல்லர். ஒரு பாட்டின் மேல் மிக்க காதல் கொண்டோர் அதனைத் தம்முடையதாகவே எண்ணிவிடுதல் இயல்பு. இளமைக் காதலுக்கு இது பெருமையும் ஆகும், இடரும் ஆகும். பெயரின்றி நெஞ்சில் தங்கிய பாட்டைப் பெயரோடு மீட்டுத் தருதல் கற்றோர் கடன்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். இளைஞரின் இசையார்வம் கூட்டத்தின் கூச்சலால் அளக்கத்தக்கதன்று. அதன் பின்னே தனிமையிற் செய்த கேள்வியும் பயிற்சியும் உள. படியெடுத்தல் ஆக்கத்திற்குப் பகையன்று. பாடத்தைக் காத்தலும் பாடம் வேறுபடுத்தலும் கூடிய இடத்திலே புதுமை பிறக்கிறது. விருப்பம் மூலத்தை நோக்கிச் செல்லும்பொழுதே அறிவாகக் கனிகிறது.

ஆதலின் மாணவர் ஒருவர் தமக்கு விருப்பமான இசைக்குழுவைப் பற்றிப் பேசுங்கால், அதனினும் சிறந்த இசை உண்டு என்று கூறி ஆசிரியர் அவர் வாயை அடைத்தல் பயனற்றது. 'அக்குழுவினர் யாரைக் கேட்டு வளர்ந்தனர்?' என்னும் ஒரு வினா போதும். அவ்வினாவைப் பின்பற்றிச் செல்வார் பீட்டில்ஸினின்று டானிகனையும், டானிகனினின்று லெட்பெல்லியையும், அவரினின்று ஆர்க்கன்சாச் சிறையில் பாடிய மக்களையும் அடைவர். அம்மக்களுட் பலர் பெயரை இன்று எவரும் அறியார். அவர் குரலோ ஒலிப்பதிவில் உளது. கேட்டற்குச் செவிகள் வேண்டும். அச்செவிகளை இளமையிலேயே திறந்துவிட்டவை இக்குழுக்கள் என்பதனை மறுத்தல் இயலாது.