புராணமும் தொடர்கதையும்: வட சிலாங்கூர்த் தோட்டங்களை முன்வைத்து

புராணத்தை அடியொற்றி மாயத் தொடர்கதை எழுதுவோர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல், வாசகர் முடிவை முன்னரே அறிந்திருப்பதாகும். ‘அடுத்து என்ன?’ என்னும் ஆவலே தொடர்கதையின் உயிர். 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’, வேதாளக் கதைகளில் இதற்கு ஒரு வழி கண்டது: விக்கிரமனும் வேதாளமும் மாறாதிருக்க, உட்கதை மட்டும் இதழ்தோறும் புதிதாயிற்று.

நம் மண்ணில் வேறொரு வழியும் உண்டு. வட சிலாங்கூர்த் தோட்ட மக்கள் முனியாண்டியை எல்லைக் காவலராக வழிபட்டனர். 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே செம்பனையை வணிக நோக்கில் பயிரிட்டார். காலப்போக்கில் பால்மரக் காடுகள் பல செம்பனைக்கு இடம்விட்டன, சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின, மக்கள் இடம்பெயர்ந்தனர். எல்லை அழிந்தபின் காவல்தெய்வம் எதைக் காக்கும்? இவ்வினாவிற்குப் புராணத்தில் விடையில்லை. எனவே வாசகரும் முடிவை அறியார்.

காவிரிக்கரையையே மீண்டும் வரைவதினும், மின்மினிகள் ஒளிரும் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையைக் களமாக்கி இவ்வினாவைத் தொடர்வதே நம் எழுத்தாளர்க்குத் தக்கது என்பது நம் கருத்து. ஆவலும் அங்கேதான் பிறக்கும்.