ஒலிப்பதிவாளரின் பெயர்

எங்கள் விழாக்களில் ஒலியமைப்பாளர் நினைவுக்கு வருவது மைக் கீச்சிடும்போது மட்டும்தான். கச்சேரி நன்றாக அமைந்தால் பாராட்டுப் பாடகருக்கு. கெட்டால் ஏச்சு மைக்காரருக்கு. 'விஷன்' என்ற இசைத்தட்டை அண்மையில் மறுபடி கேட்டபோது, இந்தக் கணக்குப் பிழை என்று பட்டது.

1983 இல் வெளிவந்த இத்தட்டு ஒஸ்லோவில் பதிவானது. வயலின் எல். சங்கர். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்ததால் அங்கே வளர்ந்து, 1958 கலவரத்தின் பின் குடும்பத்தோடு இந்தியா திரும்பியவர். உடன் வாசித்தவர்கள் யான் கார்பரெக், பல்லே மிக்கெல்போர்க். ஒலிப்பதிவு யான் எரிக் கொங்ஸ்ஹௌக்.

கொங்ஸ்ஹௌக் (1944–2019) அடிப்படையில் ஒரு கிற்றார் கலைஞர். 1970 இல் கார்பரெக்கின் இசைத்தட்டோடு ஈசிஎம் நிறுவனத்துக்குப் பதிவுசெய்யத் தொடங்கினார். 1984 இல் ரெயின்போ கலையகத்தை நிறுவினார். 1999 இல் தன் பெயரில் 'தி அதர் வேர்ல்ட்' வெளியிட்டபோதுதான் அவர் கலைஞரானார் என்று சொல்வது வசதியானது. என் காதுக்கு, அவர் அதற்கு வெகு முன்பே கலைஞர்.

'விஷன்' அதற்குச் சாட்சி. வில் நின்ற பிறகும் நாதம் வெளியில் தங்குகிறது. சக்சபோன் அந்த மிச்சத்தின் மேல் வந்து அமர்கிறது. அந்த இடைவெளியை வாசித்தவர் யார்? வாத்தியக்காரர் மட்டுமல்ல.

குறையும் உண்டு. கமகம் என்பது சுரங்களுக்கு நடுவே வளைந்து செல்லும் பாதை. எதிரொலி கூடினால் அந்த வளைவு கரையும். சில இடங்களில் கரைந்தும் இருக்கிறது. அழகான மூடுபனி, ஆனால் பாதை தெரியவில்லை. மாறாக, ரெயின்போவில் பதிவாகி 1990 இல் வந்த 'பஞ்ச நடைப் பல்லவி'யில் விக்கு விநாயக்ராமின் கடமும் சாகிர் உசேனின் தபேலாவும் சொல்லுக்குச் சொல் தெளிவாக விழுகின்றன. நடை மாறுவதை விரலால் எண்ணலாம். இசை கேட்டதை ஒலிப்பதிவு கொடுத்திருக்கிறது.

இந்த ஒப்பீட்டை நான் செய்ய முடிந்தது, தட்டின் பின்னட்டையில் ஒலிப்பதிவாளரின் பெயர் இருந்ததால். அடுத்த அரங்கேற்ற அழைப்பிதழில் மிருதங்கக் கலைஞரின் பெயருக்குக் கீழே ஒலியமைப்பாளரின் பெயரையும் அச்சிடுவோம். குறை சொல்வதற்காவது ஒரு பெயர் வேண்டுமே!